தணல் இருக்குது

விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறைகளுக்கு மழைக்காலத்தில்தான் வேலை அதிகம். கார்த்திகைக்கு அகல் விளக்கு அனுப்பி முடிப்பதற்குள் கிறிஸ்மஸ் குடிலுக்கான பொம்மைகளைக் கேட்டு மெட்ராஸ் கடைக்காரர்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனந்தராஜ் அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் மேற்பார்வையாளன். சூளையிலிருந்து இறங்கிய மேய்ப்பர்களையும் ஆடுகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது அவன் வேலை. நல்ல பொம்மை கணீரென்று ஒலிக்கும். உள்ளே கீறல் விட்டது மொத்தென்று கேட்கும்.

அந்த மத்தியானம் அவன் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"ஆனந்தராஜ் சார்ங்கறது நீங்கதானே? சர்ச்சுல பாட்டு சொல்லிக் குடுக்கிறவரு?"

"ஆமாங்க. நீங்க?"

"மோகனப்பிரியா. பாலக்கரைகிட்ட டெய்லர் கடை வச்சிருக்கேன். உங்க கொயர்ல பாடுற பொம்பளைங்களுக்கு இந்த வருசம் ப்ளவுஸு நான்தான் தைக்கிறேன்."

ப்ளவுஸ் விஷயத்தில் ஏதோ குழப்பம் என்று நினைத்து அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அவள் போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். போன வருஷத்துக் கிறிஸ்மஸ் ஆராதனை. பீடத்துக்குப் பக்கத்தில் ஆனந்தராஜ் நின்று கையசைக்க, பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. கீழே, 'இயற்றியவர்: காலஞ்சென்ற ஜெயராஜ்' என்று எழுத்து ஓடியது.

"இந்த ஜெயராஜ் யாரு சார்?"

"எங்கப்பா."

"இது எங்கம்மா பாட்டு."

அவள் சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. ஆனால் பதில் வாங்காமல் போகிறவள் மாதிரியும் தெரியவில்லை.

அவள் சொன்ன பாட்டு விருத்தாசலத்துச் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். டிசம்பரில் வீடு வீடாகப் போகும்போது முதல் வீட்டிலும் அதைத்தான் பாடுவார்கள், கடைசி வீட்டிலும் அதைத்தான் பாடுவார்கள்.

ஊதக் காத்து வீசுது, ஓலையெல்லாம் சொட்டுது,
ஈரத் துணியில பிள்ளைக்கு இங்க கொஞ்சம் தணல் இருக்குதா?

என்று தொடங்கி,

எம்மடி வெறுமையா இருக்குது, எடுத்துக் குடு தாயே

என்று முடியும். இங்கிருந்து கட்டிக் கொடுத்த பெண்களோடு பாட்டும் வெளியூர்களுக்குப் போயிருந்தது. அதில் இயேசுவின் பேர் கிடையாது, பெத்லகேம் கிடையாது, தேவதூதர்கள் கிடையாது. அது ஒரு குறையாக யாருக்கும் பட்டதில்லை. குளிர் என்பது பாவம், தணல் கேட்டு நிற்கிறவன் பாவி, வெறும் மடி என்பது ஆண்டவர் இல்லாத இருதயம் என்று போதகர் வருஷாவருஷம் பிரசங்கம் பண்ணுவார். சபையில் வயசானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆனந்தராஜின் அப்பா ஜெயராஜ் ரயில்வே ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஆர்மோனியம் வாசிப்பார். பாட்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "சூளையில கெடைச்சிது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சூளை என்றால் சோதனை என்கிற அக்கினிச் சூளை என்று சபையார் எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்த பிறகு அந்த வார்த்தையே ஒரு சாட்சியாகிவிட்டது. ஆனந்தராஜை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்கிற எவரும், "தணல் பாட்டு எழுதினாரே, அவரு பையன்" என்றுதான் சொல்வார்கள். அவனுக்கும் அது பழகிப்போய், சொந்தப் பேர் மாதிரி ஆகியிருந்தது.

"உங்கம்மா எங்கயாவது கேட்டுப் பாடியிருப்பாங்கம்மா," என்றான் நிதானமாக. "ரொம்பப் பழைய பாட்டு இது. தெருவுல பாடிக்கிட்டுப் போறதுதானே."

"நான் தொட்டில்ல கெடக்கும்போதே பாடுவாங்க சார். இந்தப் பாட்டு சர்ச்சுல பாடுற பாட்டுன்னே எனக்குத் தெரியாது. நாங்க இத்தினி வருசம் ஸ்ரீமுஷ்ணத்துல இருந்தோம். துணி குடுக்க வந்த அக்கா போன்ல இது பாடுது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லல. நீங்க பாடறதும் தப்பு சார். இருக்குதான்னு பாடுறீங்க. எங்கம்மா இருக்குதுன்னுதான் பாடுவாங்க. இங்க கொஞ்சம் தணல் இருக்குது."

ஆனந்தராஜ் கையிலிருந்த மேய்ப்பனை மேசையில் வைத்தான். அப்பாவின் கடைசி வருஷங்கள் ஞாபகம் வந்தன. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து 'இருக்குது' என்று தனியாக இழுப்பார். வாய்க்கு வாய் மாறிப்போய் எல்லோரும் 'இருக்குதா' என்று ஏறும்போது அவர் குரல் மட்டும் கீழே இறங்கும். வயசாகிவிட்டது, வார்த்தை தடுமாறுகிறது என்று சபையார் பொறுத்துக்கொண்டார்கள்.

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

"எங்கூடத்தான். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல வூடு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வாங்க."

*

அந்த வருஷம் இது வெறும் பேச்சோடு போகிற விஷயமாக இல்லை. சபைச் செயலாளர் ராஜமாணிக்கம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பாட்டு முழுவதையும் பீங்கான் டைல்களில் எழுதிச் சுட்டு, ஆலயத்தின் முகப்புச் சுவரில் பதிப்பது. அடியில் ஜெயராஜின் பேர். கிறிஸ்மஸ் காலையில் அவருடைய மனைவி கமலம் திரையை விலக்கித் திறந்து வைப்பது. பீங்கான் ஊரில் கல்லில் எழுதுவானேன் என்று அவர் சொன்னதை எல்லோரும் ரசித்தார்கள். டைல் வேலை ஆனந்தராஜின் பட்டறையிலேயே நடந்தது. எழுத்தை எழுதி, மேலே கண்ணாடிப் பூச்சு ஊற்றிச் சூளையில் ஏற்றிவிட்டால் அப்புறம் சுரண்டினாலும் போகாது. எழுத்து வேலை பாதி முடிந்திருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் விஷயத்தை மெதுவாக எடுத்தான். கமலத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திறப்பு விழாவுக்கென்று கட்ட வேண்டிய புடவையை அவள் அப்போதே எடுத்து வைத்திருந்தாள்.

"யாரோ ஒருத்தி வந்து சொன்னான்னு நீயும் கேட்டுக்கிட்டு வந்தியா?" என்றாள். "உங்கப்பா சாகிற வரைக்கும் பாடினாரு. அன்னிக்கெல்லாம் வராதவ இன்னிக்கி வர்றாளா?"

"அவங்க ஒண்ணும் கேக்கலம்மா."

"பேரைக் கேக்குறா. அதைவிட வேற என்ன கேக்கணும்? நீ அங்க போவாத."

அவன் போகாமல் இருக்கத்தான் நினைத்தான். இரண்டு மூன்று நாள் பட்டறையில் டைல்களைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். 'இருக்குதா' என்று வைத்தால் முதல் அடியில் பேசுகிறவன் வெளியே மழையில் நிற்கிறான். கடைசி அடியில், மடி வெறுமையாக இருக்கிறது, பிள்ளையைக் கொடு என்று கேட்கிறவள் வீட்டுக்குள் இருக்கிறாள். ஆள் எங்கே மாறியது என்று பாட்டில் இல்லை. 'இருக்குது' என்று வைத்தால் ஆளே மாறவில்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே ஒரு பெண், கதவைத் திறந்துகொண்டு, வெளியே கைக்குழந்தையோடு நிற்கிற இன்னொரு பெண்ணிடம் பேசுகிறாள். இத்தனை வருஷம் பாடியும் பாடச் சொல்லிக் கொடுத்தும் அது தனக்குத் தோன்றவில்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

*

சொர்ணாம்பாள் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, உரத்த குரல். மகள் விஷயத்தைச் சொல்லி, இவர்தான் ஜெயராஜின் பையன் என்றதும் அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூக்கு அப்படியே இருக்குது," என்றாள். "உக்காரு தம்பி. அவரு எப்படி இருக்காரு?"

"தவறிட்டாருங்க. பல வருசம் ஆச்சி."

"அடப் பாவமே." சற்று நேரம் மொச்சையை உரிக்காமல் வைத்திருந்தாள். "நல்ல மனுசன். சொன்ன சொல்லைக் காப்பாத்துனாரு."

மோகனப்பிரியா குறுக்கே வந்தாள். "என்னம்மா காப்பாத்துனாரு? உம் பாட்டை அவரு பேருல பாடிக்கிட்டிருக்காங்க. செவுத்துல வேற எழுதப் போறாங்களாம்."

"நீ சும்மா இரு. எம் பேரைச் சொல்ல வேணாம்னு சொன்னதே நான்தான்."

மகள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். சொர்ணாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினாள்.

"அப்ப நான் ஒரு பொம்மைக் கம்பெனியில அச்சுல மண்ணுக்கூழு ஊத்துற வேலை பாத்தேன். எங்க வூட்டுக்காரரு அங்கியே சூளைக்கு வெறகு போடுவாரு. கம்பெனிக்குப் பின்னால ஒரு கொட்டாய்ல இருந்தோம். இவளுக்கு முன்னால எனக்கு ஒரு புள்ள, ஆம்பளப் புள்ள. பொறந்து வருசம்கூட ஆவல. அடைமழை. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. மணிமுத்தாத்துல தண்ணி போவுது, வண்டி இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்குள்ள..."

மோகனப்பிரியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒருவன் இருந்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"அது போயி மாசம் ஒண்ணுகூட ஆவல. ஒரு நாள் பொழுது எறங்கற நேரம். உங்க ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டு ரோட்டுல போனவங்க மழைக்கு ஒதுங்கினாங்க. சூளை எரிஞ்சிக்கிட்டிருந்துச்சி, அதும்பக்கம் நின்னாங்க. நின்ன எடத்துல பாட ஆரம்பிச்சிட்டாங்க. புள்ள பொறந்திருக்குது, புள்ள பொறந்திருக்குதுன்னு ஒரே சந்தோசமா பாடுறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, யாருக்குய்யா பொறந்திருக்குதுன்னு போயிக் கத்திட்டேன்."

"அப்பா இருந்தாரா?"

"அவருதான் ஆர்மோனியப் பெட்டிய வச்சிக்கிட்டு முன்னால நின்னாரு. எங்க வூட்டுக்காரரு அவருகிட்ட மெதுவா சொல்லிட்டாரு போலருக்குது. உங்கப்பா எல்லாரையும் பாடாதீங்கன்னுட்டாரு. அப்புறம் எங்கிட்ட வந்து தணிஞ்ச கொரல்ல கதைய சொன்னாரு. மாசமா இருந்தவளுக்கு ஊர்ல யாரும் எடம் குடுக்கலியாம். மாட்டுக் கொட்டாய்ல பெத்தாளாம். பனிக்காலமாம். அப்புறம் ராஜாங்க வந்து பொன்னு குடுத்தாங்களாம். எனக்குக் கேக்கக் கேக்க ஒண்ணும் புடிக்கல. பொன்னை வச்சி கைப்புள்ளைக்கு என்ன பண்றது? குளிருமே, ஒரு பொம்பளகூடவா கொஞ்சம் நெருப்பு கொண்டாந்து குடுக்கலன்னு கேட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அது வேதத்துல இல்லம்மான்னாரு. பாவம், வேற என்ன சொல்லுவாரு?"

மழை விட்டதும் மற்றவர்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். ஜெயராஜ் மட்டும் ஆர்மோனியத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். சொர்ணாம்பாள் சூளை வாயின் முன்னால் உட்கார்ந்து, தன் பிள்ளைக்குப் பாடிய மெட்டில், வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டு முனகிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சுற்றிக் கட்டுகிற வேலை முடிந்த பிறகும் அவர் வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறார்.

"மறுவருசம் தனியா வந்தாரு. நீ பாடினதை எங்க கோயில்ல பாடலாமாம்மான்னு கேட்டாரு. பாடிக்கோங்கன்னேன். ஆனா எம் பேரு வெளியில வரக்கூடாதுன்னேன். புள்ளைய வாரிக் குடுத்துட்டுப் பாட்டுக் கட்டினாளான்னு எங்க மாமியா வூட்டுல பேசுவாங்க தம்பி. நாலு பேரு வாயில எம் புள்ள சாவு விழறது எனக்குப் புடிக்கல. உசுரு இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னாரு. அதோட சரி, அப்புறம் நாங்க ஸ்ரீமுஷ்ணம் போயிட்டோம்."

"இப்ப உங்க பேரைப் போடலாங்களா?"

"வேணாம். இத்தினி நாள் இல்லாம இப்ப எதுக்கு? அவரு பேரே இருந்துட்டுப் போவட்டும்."

மோகனப்பிரியா, "அவங்க வார்த்தைய மாத்திப் பாடறாங்கம்மா. தணல் இருக்குதான்னு கேக்குறாங்க," என்றாள்.

சொர்ணாம்பாளுக்கு அப்போதுதான் முகம் மாறியது. முன்பு சொன்ன எதற்கும் வராத கோபம் வந்தது.

"அது எப்படி மாத்தலாம்? இருக்குதான்னு கேட்டா, இல்லன்னுதானே ஊரே சொல்லிச்சி அவளுக்கு? நான் எதுக்கு அவகிட்ட கேக்கணும்? எங்கிட்ட தணல் இருந்துச்சி, புள்ள இல்ல. அவகிட்ட புள்ள இருந்துச்சி, தணல் இல்ல. வா, இங்க இருக்குதுன்னு கூப்பிட்டேன். அதை மட்டும் சரியா எழுதச் சொல்லு தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

டீ குடித்துவிட்டு அவன் விடைபெற்றான். மோகனப்பிரியா வாசல் வரைக்கும் வந்தாள். அவளிடம் முதல் நாள் இருந்த வேகம் இல்லை. "உங்கப்பாவைத் தப்பா நெனைச்சிட்டேண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

*

கமலம் முழுவதையும் கேட்டாள். மறுத்துப் பேசவில்லை. பேச்சை முடித்த பிறகு ஆனந்தராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்தது வேறு. பாட்டு கை விட்டுப் போனதற்கு அழுவாள் என்று நினைத்திருந்தான்.

"முப்பது வருசத்துக்கு மேல ஒரே வூட்டுல இருந்தேன்," என்றாள் அவள். "எங்கிட்டகூட சொல்லலியே."

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாரும்மா."

"ஊருக்குச் சொல்லாம இருக்கத்தானே சத்தியம். பொண்டாட்டி ஊருல சேத்தியா?"

அவள் எழுந்து போய், எடுத்து வைத்த புடவையை மறுபடி பீரோவில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் தேவைக்குப் பேசினாளே தவிர, அப்பா பேரை எடுக்கவே இல்லை.

டைல்களைச் சூளையில் ஏற்றும் முன்பு சபைக் கமிட்டியைக் கேட்க வேண்டியிருந்தது. போதகர் அறையில் கூடினார்கள். பாடியது யார், எங்கே இருக்கிறாள் என்ற விவரத்தைச் சொல்லாமல், ஆனந்தராஜ் நடந்ததை மட்டும் சொன்னான். அப்பாவின் பேருக்கு முன்னால் 'இயற்றியவர்' என்பதை எடுத்துவிட்டு, 'ஜெயராஜ் சூளையடியில் கேட்டு வந்து பாடிய பாட்டு' என்று எழுத வேண்டும், 'இருக்குதா' என்பதை 'இருக்குது' என்று திருத்த வேண்டும் என்றான்.

ராஜமாணிக்கத்துக்கு மனசு ஒப்பவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஜெயராஜின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்.

"தம்பி, நான் நேராவே கேக்குறேன். அந்தம்மா நம்ம ஆளுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஆண்டவரை அறியாத ஒருத்தங்க பாடினதை நாம பீடத்துக்கு முன்னால இத்தினி வருசமா பாடிக்கிட்டிருக்கோம். தெரியாம பாடினது வேற. தெரிஞ்சி செவுத்துல எழுதறது வேற. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் வெகுநேரம் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "இனிமே அந்தப் பிரசங்கத்தை நான் பண்ண முடியாது," என்றார்.

"எந்தப் பிரசங்கம் பாஸ்டர்?"

"வெறும் மடின்னா வெறும் இருதயம்னு சொல்லுவேன்ல, அது. அந்தம்மா நெஜமான மடியைச் சொல்லியிருக்காங்க. நான் அதை உவமையாக்கிட்டேன்." அவர் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "நாம பாடற மத்த பாட்டுல எல்லாம் ஆண்டவர்கிட்ட ஏதாவது கேக்குறோம். சமாதானம் கேக்குறோம், ரட்சிப்பு கேக்குறோம். இது ஒண்ணுலதான் ஒருத்தங்க அவருக்குக் குடுக்கறாங்க. அதுவும் கையில ஒண்ணுமே மிச்சமில்லாதப்ப. அவங்க அவரை அறிஞ்சாங்களா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியல, ராஜமாணிக்கம்."

அதற்குப் பிறகும் பேச்சு நீண்டது. கடைசியில் ஆனந்தராஜ் சொன்னபடியே எழுதலாம் என்று முடிவாயிற்று. ராஜமாணிக்கம் எதிர்க்கவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை. "நீங்கள்லாம் சொல்றீங்க, செய்ங்க" என்று எழுந்து போனார். போகும்போது ஆனந்தராஜின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

எழுதி முடித்திருந்த டைல்களில் இரண்டை ஈரத்துணியால் துடைத்து அழித்துவிட்டு ஆனந்தராஜ் தன் கையாலேயே புதிதாக எழுதினான். சுட்டு இறக்கியபோது ஓரத்து டைல் ஒன்று லேசாக வளைந்திருந்தது. இன்னொரு முறை சுட நேரமில்லாததால் அப்படியே பதித்தார்கள்.

*

கிறிஸ்மஸ் காலையில் கமலம் வேறொரு சாதாரணப் புடவையில் ஆலயத்துக்கு வந்தாள். கூப்பிட்டதும் எழுந்து போய்த் திரையை விலக்கினாள். கை தட்டினார்கள். எழுத்தைப் படித்தவர்களுக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. போதகர் அன்றைக்குப் பாட்டின் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மழைநாளில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதைப் பாடினாள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பாடும்போது பாதிப் பேர் 'இருக்குது' என்றார்கள், பாதிப் பேர் பழக்கதோஷத்தில் 'இருக்குதா' என்றார்கள். கேள்வியும் பதிலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பியது. ஆனந்தராஜ் கையசைப்பதை விட்டுவிட்டு அவர்கள் போக்கில் விட்டான். வாயில் பழகிப்போன ஒரு பாட்டைத் திருத்த ஒரு கிறிஸ்மஸ் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. கமலம் பாடினாளா என்று பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

புது வருஷம் பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்து, அவன் பட்டறைக்குக் கிளம்பும்போது கமலம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு பையில் கேக் இருந்தது.

"அந்தம்மா வூட்டுல என்னை வுட்டுட்டுப் போ," என்றாள்.

"எதுக்கும்மா?"

"உங்கப்பா எங்கிட்ட சொல்லாததை அவ சொல்லட்டும்."

அவன் பயந்துகொண்டேதான் கூட்டிப்போனான். மோகனப்பிரியா கடைக்குப் போயிருந்தாள். சொர்ணாம்பாள் கதவைத் திறந்து, யாரென்று கேட்டு, "வாங்க, வாங்க, உள்ளாற வாங்க" என்று கமலத்தின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். இருவரும் முதலில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்க்கிறார்கள், எந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்று பேசினார்கள். ஆனந்தராஜ் கதவுப் பக்கம் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

திடீரென்று கமலம், "உங்க பையன் பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

சொர்ணாம்பாள் புடவைத் தலைப்பை எடுத்து மடியில் போட்டு நீவிவிட்டுக்கொண்டாள். போன தடவை வந்து அத்தனையும் கேட்டோமே, இதைக் கேட்கவில்லையே என்று ஆனந்தராஜ் நினைத்தான்.

"பாரி," என்றாள்.

"நல்ல பேரு. யாரு வச்சாங்க?"

"அவங்கப்பாதான். ஸ்கூலு புஸ்தகத்துல படிச்ச பேராம். பாரி, பாரின்னு கூப்பிட்டா தலையத் திருப்பிப் பாப்பான். காதுக்குப் பின்னால இத்துனூண்டு மச்சம் இருந்துச்சி. தூங்கவே மாட்டான். சுமதின்னு கூட வேலை செஞ்ச பொண்ணு ஒருத்தி, அவ தூக்கினா மட்டும் தூங்குவான். எனக்கு அப்படிப் பொறாமையா இருக்கும்..."

அவள் பேசிக்கொண்டே போனாள். கமலம் கால்களைக் கட்டில்மேல் மடக்கி வைத்து, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மகன் இன்னும் நிற்பதைக் கவனித்து, "நீ வேலைக்குப் போ. சாயங்காலமா வந்து கூட்டிக்கிட்டுப் போ," என்றாள்.

ஆனந்தராஜ் வெளியே வந்து பைக்கை எடுத்தான். சொர்ணாம்பாளின் உரத்த குரல் ரோடு வரைக்கும் கேட்டது.